பண்டைய கிரேக்கத்திலும் ரோமிலும் தூது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க, ரோமானியப் போர்களைப் பற்றித் தமிழில் படிக்க நிறைய இருக்கிறது. அந்தப் போர்களுக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சுவார்த்தைகளைப் பற்றி அவ்வளவாக இல்லை. தூது போனவர் யார், அவரை அனுப்பியது யார், பேசி முடித்ததை எங்கே எழுதி வைத்தார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். காலம் ஏறத்தாழ கி.மு. 500 முதல் கி.பி. 110 வரை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூதர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். இந்த அறுநூறு ஆண்டுகளில் பெரிதாக மாறியது அதுதான்.

அந்தக் காலத்தில் தூதரகங்கள் இருந்தனவா?

இல்லை. வெளியூரில் நிரந்தரமாகத் தங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பும் தூதர் என்ற ஏற்பாடே கிடையாது. காரியம் ஒன்று வந்தால் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள், அது முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். ஏதென்ஸில் தூதர்களை மக்கள் சபையே தேர்ந்தெடுத்தது. மூன்று, ஐந்து, பத்து என்று குழுவாகத்தான் போவார்கள். ஒருவரை மட்டும் நம்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகளைச் சேர்ந்தவர்களை ஒரே குழுவில் போட்டு அனுப்பியதும் உண்டு. ஒருவர் தவறினால் மற்றவர் ஊர் திரும்பிச் சொல்லிவிடுவார் அல்லவா?

அப்படியானால் வெளியூரில் ஒரு நகரத்தின் நலனை யார் பார்த்துக்கொண்டார்கள்?

அதற்குத்தான் பிராக்சினோஸ். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் கிரேக்க அரசியலில் பாதி புரிந்துவிடும். ஸ்பார்ட்டாவின் காரியங்களை ஏதென்ஸில் கவனித்தவர் ஸ்பார்ட்டாக்காரர் அல்ல, ஏதென்ஸின் குடிமகன். ஸ்பார்ட்டாவிலிருந்து வருகிறவர்களைத் தன் வீட்டில் தங்கவைப்பார், சபையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார், அவர்களுக்காகப் பரிந்து பேசுவார். பதிலுக்கு அந்த நகரம் அவருக்கு மரியாதை செய்யும்.

இதில் ஆபத்தும் இருந்தது. ஏதென்ஸின் தளபதி கிமோன் ஸ்பார்ட்டாவின் பிராக்சினோஸ். கி.மு. 462இல் ஸ்பார்ட்டாவின் அடிமைக் குடிகள் கிளர்ச்சியில் இருந்தபோது, உதவிக்குப் படை அனுப்ப வேண்டும் என்று அவர்தான் ஏதென்ஸைச் சம்மதிக்கவைத்தார். படை போய்ச் சேர்ந்ததும் ஸ்பார்ட்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்த நேச நாட்டுப் படைகளில் ஏதென்ஸ் படையை மட்டும் திருப்பி அனுப்பியது. ஏதென்ஸ் மக்கள் இந்த அவமானத்தைப் பொறுக்கவில்லை, அடுத்த ஆண்டே கிமோனை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள்.

ஏதென்ஸின் அரசியல்வாதி அல்கிபியாடிஸின் கதையும் இதைச் சேர்ந்ததுதான். அவருடைய பாட்டனார் இந்தப் பொறுப்பைத் துறந்திருந்தார். அதை மீட்டெடுக்க நினைத்த அல்கிபியாடிஸ், ஏதென்ஸில் சிறைப்பட்டிருந்த ஸ்பார்ட்டா வீரர்களை நன்றாகக் கவனித்துக்கொண்டார். ஆனால் சமாதானம் பேச வந்த ஸ்பார்ட்டா, அவரை இளைஞன் என்று ஒதுக்கிவிட்டு நிக்கியாஸ், லாக்கிஸ் ஆகிய ஏதென்ஸ் தலைவர்களை நாடியது. அந்தச் சமாதானத்தைக் குலைக்க அல்கிபியாடிஸ் பின்னாளில் பாடுபட்டதற்கு இந்த மனத்தாங்கலும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார்.

கட்டியக்காரரும் தூதரும் ஒன்றா? தூதரைக் கொல்லக்கூடாது என்ற விதி கிரேக்கர்களிடமும் இருந்ததா?

இரண்டு பேரும் வேறு. கட்டியக்காரர் கையில் கோலுடன் போவார். செய்தியைச் சொல்லுவதும் பதிலைக் கொண்டுவருவதும்தான் அவர் வேலை, பேரம் பேசும் அதிகாரம் கிடையாது. அவர் தெய்வத்தின் காவலில் இருப்பவர், போர் நடக்கும்போதும் அவரைத் தொடக்கூடாது. தூதர் பேரம் பேசலாம், ஆனால் அதே அளவு பாதுகாப்பு அவருக்கு இல்லை. போர்க்காலத்தில் முதலில் கட்டியக்காரரை அனுப்பி வழி கேட்ட பிறகுதான் தூதர்கள் கிளம்புவார்கள்.

விதி இருந்தது, அது மீறப்பட்டதும் உண்டு. பாரசீக மன்னர் டேரியஸ், அடிபணிவின் அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டு ஆள் அனுப்பினார். ஏதென்ஸ் அவர்களைக் குற்றவாளிகளைத் தள்ளும் பள்ளத்தில் எறிந்தது. ஸ்பார்ட்டா அவர்களைக் கிணற்றில் தள்ளி, மண்ணையும் நீரையும் அங்கே எடுத்துக்கொள்ளச் சொன்னது. பிறகு ஸ்பார்ட்டாவில் பலிகள் நல்ல சகுனம் காட்டவில்லை. தெய்வக் குற்றம் என்று முடிவுசெய்து, அதைத் தீர்க்க உயிரைக் கொடுப்பவர் உண்டா என்று கேட்டார்கள். ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு பேர் தாங்களாக முன்வந்து, டேரியஸின் மகன் செர்க்ஸிஸிடம் போய் நின்றார்கள். நீங்கள் மீறியதைப் போல நான் அந்த விதியை மீற மாட்டேன் என்று சொல்லி அவர் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. கி.மு. 430இல் அந்த இருவரின் மகன்கள் அனெரிஸ்டஸும் நிகோலாஸும் ஸ்பார்ட்டாவின் தூதர்களாகப் பாரசீகத்துக்குப் போகும் வழியில் திரேஸில் பிடிபட்டார்கள். ஏதென்ஸ் அவர்களை விசாரணையே இல்லாமல், வந்து சேர்ந்த அன்றே கொன்றுவிட்டது. தந்தையர் தப்பித்த தெய்வக் கோபம் மகன்கள் தலையில் விழுந்தது என்று ஹெரடோட்டஸ் எழுதினார். இரண்டு நகரங்களும் சேர்ந்து ஒரு நல்ல வழக்கத்தைக் கெடுத்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

போர், சமாதானம் பற்றி ஏதென்ஸில் யார் முடிவெடுத்தார்கள்?

மக்கள் சபைதான். நிக்ஸ் குன்றில் கூடிய ஆயிரக்கணக்கான குடிமக்கள் கையை உயர்த்தி முடிவு செய்தார்கள். (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறியவர்களுக்கும் அங்கே இடமில்லை.) வெளியூர்த் தூதர்கள் முதலில் ஐந்நூற்றுவர் அவையில் பேசுவார்கள், அப்புறம் மக்கள் சபையில்.

இதன் கொடுமையும் மேன்மையும் கி.மு. 427இல் மிட்டிலீன் விஷயத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. ஏதென்ஸுக்கு எதிராக எழுந்த அந்த நகரம் சரணடைந்த பிறகு, அங்குள்ள ஆண்கள் அனைவரையும் கொல்லவும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கவும் சபை தீர்மானித்தது. ஆணையோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் காலை பலருக்கு மனம் உறுத்தியது. ஏதென்ஸில் இருந்த மிட்டிலீன் தூதர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் மறுபடி சபையைக் கூட்டும்படி அதிகாரிகளை நெருக்கினார்கள். முதல் தீர்மானமே நிற்க வேண்டும் என்று கிளியோன் பேசினார். டியோடோடஸ் எதிர்த்துப் பேசினார். அவர் இரக்கத்தைக் காட்டி வாதாடவில்லை, எல்லாரையும் கொன்றால் இனி எந்த நகரமும் சரணடையாது, நட்டம் நமக்குத்தான் என்றார். உயர்ந்த கைகள் கிட்டத்தட்டச் சமம், டியோடோடஸ் மயிரிழையில் வென்றார்.

முதல் கப்பல் ஒரு பகலும் ஒரு இரவும் முந்திப் போயிருந்தது. இரண்டாவது கப்பலுக்கு மிட்டிலீன் தூதர்கள் மதுவும் வாற்கோதுமை மாவும் ஏற்றிக்கொடுத்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய பரிசு தருவதாகச் சொன்னார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே, மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றார்கள் ஓட்டிகள். முறைவைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்றும் அடிக்கவில்லை. முதல் கப்பலில் இருந்தவர்களுக்குத் தாங்கள் கொண்டுபோகும் சேதி பிடிக்காததால் அவசரம் காட்டவில்லை. தளபதி பாக்கிஸ் முதல் ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றக் கிளம்பும் நேரத்தில் இரண்டாம் கப்பல் கரை சேர்ந்தது. நகரம் பிழைத்தது. ஆனாலும் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், அதை மறைப்பதற்கில்லை.

அப்படியென்றால் மெலோஸ்?

கி.மு. 416. நடுநிலையாக இருக்க விரும்பிய சின்னத் தீவு. பணிந்துவிடுங்கள் என்று ஏதென்ஸின் தூதர்கள் சொன்னார்கள், தீவினர் மறுத்தார்கள். முற்றுகைக்குப் பின் ஆண்களைக் கொன்று மற்றவர்களை அடிமைகளாக்கினார்கள். துசிடிடிஸ் எழுதியிருக்கும் உரையாடல் சொல்லுக்குச் சொல் பதிவு அல்ல, அவர் வடித்தது. ஒரு விவரம் கவனிக்க வேண்டியது: மெலோஸின் தலைவர்கள் அந்தத் தூதர்களை மக்கள் முன் பேச விடவில்லை, ஒரு சிலர் முன்னால் மட்டும் பேசச் சொன்னார்கள். ஏதென்ஸின் தூதர்கள் அதைச் சுட்டிக்காட்டித்தான் பேச்சையே தொடங்கினார்கள்.

தூதர்களுக்குச் சம்பளம் உண்டா?

வழிச்செலவுக்குப் படி உண்டு. கி.மு. 425இல் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், நாளுக்கு இரண்டு டிராக்மா வாங்கிக்கொண்டு பாரசீகத்தில் ஆண்டுக்கணக்கில் விருந்து சாப்பிட்ட தூதர்களைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். அப்போது நீதிமன்றத்தில் உட்காரும் நடுவருக்கு நாளுக்கு அரை டிராக்மாதான். வேலையை ஒழுங்காக முடித்து வந்தால் நகர மண்டபத்தில் ஒரு விருந்து. அது பெரிய கௌரவம்.

வேலையை ஒழுங்காக முடிக்காவிட்டால்?

கணக்கு விசாரணைதான். ஏதென்ஸில் பதவி வகித்த எவரும் முடிவில் கணக்கொப்புவிக்க வேண்டும், தூதர்களுக்கும் அதே விதி. குடிமகன் எவரும் குற்றம் சாட்டலாம், தண்டனை மரணமாகவும் இருக்கலாம். கி.மு. 367இல் பாரசீகத்துக்குப் போன டிமகோரஸ், தன்னோடு வந்த லியோனுடன் ஒரே இடத்தில் தங்க மறுத்து, எதிர்த் தரப்பான தீப்ஸின் தூதரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் லியோனே குற்றம் சாட்டினார். டிமகோரஸுக்கு மரண தண்டனை கிடைத்தது.

இதில் மிகப் பெரிய வழக்கு கி.மு. 346ஆம் ஆண்டின் தூது பற்றியது. மாசிடோனிய மன்னர் பிலிப்புடன் சமாதானம் பேசப் பத்துப் பேர் அவருடைய தலைநகர் பெல்லாவுக்குப் போனார்கள். அதில் பிலோக்ராட்டிஸ், ஈஸ்கினிஸ், டெமாஸ்தனிஸ் மூவரும் உண்டு. டெமாஸ்தனிஸ் எல்லாருக்கும் கடைசியாகப் பேச எழுந்து, சில வாக்கியங்களிலேயே திணறி நின்றுவிட்டார், நாடக மேடையில் நிற்கிறதாக நினைக்காமல் நிதானமாகப் பேசும்படி பிலிப்பே தைரியம் சொன்னார் என்கிறார் ஈஸ்கினிஸ். சொல்கிறவர் அவருடைய பரம எதிரி என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

சமாதானம் ஏதென்ஸில் முடிவானதும், பிலிப்பிடம் உறுதிமொழி வாங்க அதே தூதர்கள் மறுபடி கிளம்பினார்கள். இங்கேதான் சிக்கல். பிலிப் உறுதிமொழி எடுக்கும் வரை அவர் பிடிக்கும் கோட்டையெல்லாம் அவருக்கே. கடல்வழியில் போனால் சில நாட்களில் அவர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம், ஆனால் பெல்லாவுக்கு வரவே 23 நாள் ஆக்கினார்கள், அவர் திரும்பும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், மொத்தம் 50 நாள் போயிற்று என்று டெமாஸ்தனிஸ் பின்னாளில் குற்றம் சாட்டினார். அந்த நாட்களில் பிலிப் திரேஸில் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கி.மு. 343இல் ஈஸ்கினிஸ் மீது டெமாஸ்தனிஸ் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. பிலோக்ராட்டிஸ் அந்த ஆண்டிலேயே வேறொரு வழக்கில் ஊரைவிட்டு ஓடிவிட்டார், அவர் இல்லாமலே தீர்ப்பு வந்தது. ஈஸ்கினிஸ் முப்பது வாக்கு வித்தியாசத்தில் தப்பினார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. இருவரும் பேசிய பேச்சுகள் இன்றும் இருக்கின்றன. அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இருவருமே சொல்லாமல் விட்டவை கண்ணில் படும். தூதரை இப்படி உயிர் பயத்தில் வைத்திருந்தது பேரம் பேசும் திறமையை முடக்கியது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் ஒரு தூதுக்குழு என்ன செய்தது என்பதைச் சாதாரணக் குடிமக்கள் நாள் கணக்கோடு கேட்டறிந்து வாக்களித்தார்களே, அது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

உடன்படிக்கையை எங்கே எழுதி வைத்தார்கள்?

கல்லில், எல்லாரும் பார்க்கும் இடத்தில். கி.மு. 421இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் செய்துகொண்ட நிக்கியாஸ் சமாதானம் ஐம்பது ஆண்டுக்கு என்று எழுதப்பட்டது. ஒவ்வொரு தரப்பிலும் 17 பேர் சத்தியம் செய்தார்கள், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒலிம்பியா, டெல்ஃபி, இஸ்த்மஸ், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ், ஸ்பார்ட்டாவின் அமிக்ளாய் ஆகிய ஐந்து இடங்களில் கல் நட வேண்டும் என்றும் விதித்தார்கள். மூன்று ஆண்டுகூட அது ஒழுங்காக நிற்கவில்லை. அல்கிபியாடிஸின் யோசனைப்படி, ஏதென்ஸில் இருந்த கல்லின் அடியிலேயே ‘ஸ்பார்ட்டாக்காரர்கள் சத்தியத்தைக் காக்கவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துப் பொறித்தார்கள். கல்லை உடைத்துப் போடவில்லை என்பதைப் பாருங்கள். உடைத்திருந்தால் ஒப்பந்தத்தை முறித்த பழி ஏதென்ஸ் மேல் வந்திருக்கும்.

இரண்டு நகரங்களுக்குள் தகராறு வந்தால் மூன்றாவது நகரத்தை நடுவராக வைத்தார்களா?

வைத்தார்கள், எல்லைத் தகராறுகளில் அடிக்கடி. ஸ்பார்ட்டாவும் மெசேனியும் டெந்தெலியாடிஸ் என்ற மலையோர நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டன. கி.மு. 140 வாக்கில் விஷயம் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டுக்குப் போனது. செனட் அதை மிலேட்டஸ் நகரத்திடம் விட்டது. மிலேட்டஸ் 600 குடிமக்களை நடுவர்களாக உட்காரவைத்தது. இரு தரப்பும் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை நீர்க்கடிகாரம் வைத்து அளந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: ரோமானியத் தளபதி மும்மியஸ் அந்தப் பகுதிக்கு வந்தபோது நிலம் யார் கையில் இருந்தது? மெசேனிக்கு 584 வாக்கு, ஸ்பார்ட்டாவுக்கு 16. வென்ற மெசேனி அந்தத் தீர்ப்பை ஒலிம்பியாவில் தன் பழைய வெற்றித் தேவதைச் சிலையின் பீடத்தில் பொறித்து வைத்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. கி.பி. 25இல் பேரரசர் டைபீரியஸ் காலத்திலும் அதே நிலத்துக்காக இரு ஊர்த் தூதர்களும் ரோமில் வாதாடினார்கள். அப்போதும் மெசேனிக்கே கிடைத்தது.

ரோமானியர்கள் எப்படிப் போர் அறிவித்தார்கள்?

பழைய காலத்தில் அதற்கென்றே ஃபெட்டியாலிஸ் என்ற இருபது புரோகிதர்கள் இருந்தார்கள். எதிரியின் எல்லைக்குப் போய், தங்களுக்கு வர வேண்டிய நியாயத்தைத் தெய்வத்தைச் சாட்சிவைத்துக் கேட்பார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் தவணை. பதில் இல்லையென்றால் ரோமில் கலந்துபேசி, மறுபடி எல்லைக்குப் போய் ஈட்டியை அந்த மண்ணில் எறிவார்கள். போர்கள் கடல் தாண்டிப் போனதும் இது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ரோமிலேயே பெல்லோனா கோயில் முன்னால் ஓர் இடத்தை எதிரி நிலம் என்று வைத்துக்கொண்டு அங்கே எறிந்தார்கள். கி.மு. 32இல் கிளியோபாட்ராவுக்கு எதிராக ஆக்டேவியன் இந்தச் சடங்கைச் செய்தார். உண்மையான எதிரி அவளோடு சேர்ந்திருந்த அந்தோணி என்ற ரோமானியர். உள்நாட்டுப் போருக்கு வெளிநாட்டுப் போரின் கோலத்தைக் கொடுக்க அந்த ஈட்டி உதவியது.

ரோமுக்கு வந்த தூதர்களை எப்படி நடத்தினார்கள்?

நட்பு நாட்டவர் என்றால் அரசுச் செலவில் தங்குமிடம், பரிசு. வந்ததும் சனிக் கடவுளின் கோயிலில் இருந்த கருவூலத்தில் பெயரைப் பதிந்துகொள்வார்கள். செனட் மண்டபத்துக்குப் பக்கத்தில் கிரேக்கோஸ்டாசிஸ் என்று ஒரு மேடை உண்டு, முறை வரும் வரை அங்கே காத்திருக்க வேண்டும். எதிரி நாட்டவருக்கு நகர எல்லைக்குள்ளேயே இடமில்லை, வெளியே பெல்லோனா கோயிலில் செனட் அவர்களைச் சந்திக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் பிப்ரவரி மாதத்தையே வெளியூர்த் தூதர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அந்த மாதத்துக்கு முன் ஒவ்வொரு ஊரும் செனட்டர்களின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. பணம் புகுந்தது இந்த வழியில்தான்.

மிக மோசமான உதாரணம் கி.மு. 57. எகிப்தின் மன்னர் பன்னிரண்டாம் தாலமி நாட்டைவிட்டு ஓடிவந்து ரோமில் ஆதரவு தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராகச் சொல்ல அலெக்சாந்திரியா மக்கள் நூறு பேரைத் தூதாக அனுப்பினார்கள். வழியிலேயே பலரைக் கொன்றார்கள், சிலரை விலைக்கு வாங்கினார்கள். குழுவின் தலைவர், தத்துவ அறிஞர் டியோன், ரோமிலேயே கொல்லப்பட்டார். மன்னரைச் செனட் தண்டிக்கவில்லை. இரண்டே ஆண்டில் ரோமானியப் படை அவரை மறுபடி அரியணையில் ஏற்றியது.

மணலில் வட்டம் போட்ட ரோமானியத் தூதரின் கதை உண்மையா?

உண்மை. கி.மு. 168இல் சிரிய மன்னர் நான்காம் அந்தியோக்கஸ் எகிப்தைப் பிடிக்கும் தறுவாயில் இருந்தார். அலெக்சாந்திரியாவுக்கு வெளியே ரோமின் தூதர் போப்பிலியஸ் லைனாஸ் அவரைச் சந்தித்தார். மன்னர் கை நீட்டினார். போப்பிலியஸ் கையைக் கொடுக்காமல் செனட்டின் கடிதத்தைக் கொடுத்து, முதலில் இதைப் படியுங்கள் என்றார். நண்பர்களைக் கலந்துகொள்கிறேன் என்று மன்னர் சொன்னதும், கையிலிருந்த திராட்சைக் குச்சியால் அவரைச் சுற்றித் தரையில் ஒரு கோடு கிழித்து, வெளியே வருவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார். மன்னர் பின்வாங்கினார்.

இதைத் தனிமனிதத் துணிச்சலாக மட்டும் பார்ப்பது தவறு. போப்பிலியஸ் முன்பே டெலோஸ் தீவில் தங்கி, மாசிடோனியாவுடன் நடந்த போர் எப்படி முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிட்னாவில் ரோம் வென்ற செய்தி வந்த பிறகுதான் கிளம்பினார். அவர் கையில் குச்சி இருந்தது, பின்னால் வேறெங்கும் வேலையில்லாத ஒரு வென்ற படை இருந்தது.

எந்த மொழியில் பேசினார்கள்?

கிழக்கில் கிரேக்கம். ரோமானியப் பிரபுக்கள் பலருக்கு அது தெரியும், ஆனால் செனட்டில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்பதுதான் கௌரவம். கி.மு. 155இல் ஏதென்ஸ், தனக்கு விதித்த 500 டேலன்ட் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி கார்னியாடிஸ், டயோஜெனிஸ், கிரிடோலாஸ் என்ற மூன்று தத்துவ ஆசிரியர்களை அனுப்பியது. செனட்டர் அசிலியஸ் மொழிபெயர்த்தார். காத்திருந்த நாட்களில் அவர்கள் செய்த சொற்பொழிவுகளைக் கேட்க ரோம் இளைஞர்கள் திரண்டார்கள். இவர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டோ என்ற செனட்டர் வற்புறுத்தினார். அபராதம் 100 டேலன்ட்டாகக் குறைந்தது.

பேரரசர்கள் காலத்தில் தூதுக்கு என்ன ஆனது?

பெயர் அப்படியே இருந்தது, வேலை மனுக் கொடுப்பதாக மாறிவிட்டது. பேரரசுக்குள் இருந்த நகரங்கள் வரி, உரிமை, நிலத் தகராறு என்று எல்லாவற்றுக்கும் ரோமுக்கு ஆள் அனுப்பின. கூட்டம் தாங்காமல், ஒரு நகரம் மூன்று பேருக்கு மேல் அனுப்பக்கூடாது என்று வெஸ்பாசியன் ஆணையிட்டார்.

அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தாக்கப்பட்ட பிறகு, கி.பி. 40 வாக்கில் தத்துவ அறிஞர் ஃபிலோ தலைமையில் ஐந்து பேர் பேரரசர் காயஸிடம் நியாயம் கேட்கப் போனார்கள். பேட்டி நடந்தது தோட்ட மாளிகைகளில். காயஸ் அறை அறையாகப் போய், சன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று வேலையாட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூதர்கள் பின்னாலேயே மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறார்கள். திடீரென்று திரும்பி, நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்று கேட்கிறார். எதிர்த் தரப்பு சிரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம், சிலர் ஆட்டிறைச்சிகூடச் சாப்பிடுவதில்லை என்று பதில் வருகிறது. சரிதான், அது ருசியாக இருக்காது என்கிறார் பேரரசர். ஒரு சமூகத்தின் உயிர் இந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஃபிலோவே எழுதி வைத்திருக்கிறார், படிக்கும்போது மனம் பதறுகிறது.

இன்னொரு பக்கம், வெறும் மரியாதைக்கான தூதுகள். பைசாண்டியம் நகரம் பேரரசர் டிராஜனுக்கு வாழ்த்துச் சொல்ல ஆண்டுதோறும் ஒரு தூதரை அனுப்பி 12,000 செஸ்டர்ஸ் செலவு செய்தது. பக்கத்து மாகாணமான மோசியாவின் ஆளுநருக்கு வாழ்த்துச் சொல்லப் போனவருக்கு இன்னொரு 3,000. ஆளுநர் பிளினி கணக்கைப் பார்த்து, வாழ்த்தைக் கடிதமாக அனுப்பினால் போதும் என்று நிறுத்தினார். நீ செய்தது சரி என்று டிராஜன் பதில் எழுதினார்.

தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ ரோமுக்குத் தூது போனதா?

இந்திய மன்னர்களின் தூதர்கள் தன்னிடம் பலமுறை வந்ததாக அகஸ்டஸ் தன் சாதனைக் குறிப்பில் சொல்கிறார், முன்பு எந்த ரோமானியத் தலைவரிடமும் வந்ததில்லை என்றும் பெருமைப்பட்டுக்கொள்கிறார். பரிசோடு தூது அனுப்பிய மன்னரின் பெயரைப் புவியியல் எழுத்தாளர் ஸ்டிராபோ ‘பாண்டியோன்’ என்று தருகிறார், போரஸ் என்று இன்னொரு பெயரையும் சேர்த்தே சொல்கிறார். பாண்டியோன் என்பது பாண்டியரைக் குறிக்கிறது என்பது பரவலான கருத்து. அந்தியோக் அருகே மூன்று இந்தியத் தூதர்களை நேரில் பார்த்த டமாஸ்கஸ் நிகோலாஸ், அவர்கள் கொண்டுவந்த கடிதம் தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருந்தது என்று குறித்திருக்கிறார். அது போரஸ் என்ற மன்னரின் பெயரில் வந்தது. அதையும் பாண்டியர் தூது என்று சேர்த்துச் சொல்வதற்கு ஆதாரமில்லை.

இலங்கையின் கதை இன்னும் தெளிவானது. அன்னியஸ் பிளோக்காமஸ் என்பவர் செங்கடல் வரியைக் குத்தகை எடுத்திருந்தார். அவரிடமிருந்து விடுதலை பெற்ற ஒரு முன்னாள் அடிமை அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரோபேன், அதாவது இலங்கை போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் தங்கி மொழியைக் கற்றுக்கொண்டார். அவரிடம் இருந்த தெனாரியஸ் நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலை இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருப்பதைப் பார்த்த மன்னர், இவர்கள் நேர்மையானவர்கள் என்று எண்ணி, ராக்கியா என்பவர் தலைமையில் நான்கு தூதர்களைப் பேரரசர் கிளாடியஸிடம் அனுப்பினார். இதை எழுதியவர் மேலே சொன்ன ஆளுநரின் மாமனான மூத்த பிளினி. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள பாறையில், அன்னியஸ் பிளோக்காமஸின் ஆள் ஒருவர் கி.பி. 6இல் தன் பெயரை லிசாஸ் என்று பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். இலங்கைக்குப் போனவர் இவர்தானா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் குடும்பத்தின் வணிகம் அந்த வழியில் நடந்ததற்கு அந்தப் பாறையே சாட்சி.